மாப்பிள்ளைக்குப் பிடித்த இடம்

எனக்கு மத்தியானத் தூக்கம் பிடிக்கும் சார். அதில் ஒன்றும் தப்பில்லையே.

வேப்பந்தட்டையில் உரக்கடை வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மூட்டை வாங்குகிறவன் காலையில் வருவான், இல்லையென்றால் சாயங்காலம் வருவான். நடுவில் வருகிறவன் ஃபேன் காற்றுக்கு வருகிறவன். ஆகவே ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். சாப்பிடுவேன். ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்தால் சாயங்காலக் காப்பி வாசனைக்குத்தான் எழுவேன். என் மனைவி பூவிழி அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் நான் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

நீங்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லையே சார். பரவாயில்லை. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து காது கொடுப்பதே பெரிது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். முடிவில் நீங்களே என்னைக் கைது செய்வீர்கள்.

இந்த வழக்கில் முதலில் செத்தது என் மத்தியானம். கொன்றவர் என் மாமனார் சிங்காரவேலு.

அவர் கல்யாணத் தரகர். ஆண்டிமடத்துக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் அவர் ஏறாத பஸ் இல்லை, அவர் சேர்த்து வைக்காத ஜாதகம் இல்லை. எங்கள் பக்கம் எந்தக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் ஓர் ஓரத்தில் வெற்றிலையை மென்றபடி நிற்பார். மாமியார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கினார். அப்புறம் மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தது. பிறகு தெரு மறந்தது. பிறகு பெற்ற மகளையே யாரென்று தெரியாமல் போனது. ஆனால் தொழில் மட்டும் மறக்கவில்லை.

தினமும் மத்தியானம், எனக்குக் கண் சொருகுகிற அந்தச் சரியான நிமிஷத்தில், தோளைத் தட்டுவார்.

“மாப்ள, எந்திரிங்க. பொண்ணு பாக்கப் போவணும். நல்ல நேரம் போயிட்டிருக்கு.”

மறுத்துப் பேசக் கூடாது, அவர் போக்கிலேயே போக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் போவேன். கொல்லைக் கதவு வழியாக என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, வாசல் வழியாக உள்ளே அழைத்து வருவார். சோபாவில் உட்கார வைப்பார். பூவிழி தலையில் ஒரு முழம் பூவை வைத்துக்கொண்டு காப்பித் தட்டோடு வருவாள். ஆரம்பத்தில் அழுதுகொண்டே வந்தாள். போகப் போக அவளுக்கு அதில் ருசி வந்துவிட்டது.

“பாடத் தெரியுமாம்மா?”

“தெரியாதுங்க.”

“சமையலு?”

“ஏதோ வெப்பேங்க. மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாருங்க?”

“உரக்கடை வச்சிருக்காரும்மா.”

“மத்தியானம் தொறந்திருப்பாருங்களா?”

என் பெண்டாட்டி கேட்கிறாள் சார், இந்தக் கேள்வியை.

பிறகு மாமா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தித் தீர்ப்புச் சொல்வார். “பொண்ணு தங்கம் மாப்ள. ஆனா ஒங்களத்தான் அவங்களுக்குப் புடிக்கல. மூஞ்சில களையில்லங்கிறாங்க. மனச வுட்றாதீங்க, நாளைக்கி வேற எடம் பாப்போம்.”

இரண்டு வருஷம் சார். என் சொந்த வீட்டில், என் சொந்தப் பெண்டாட்டியைப் பெண் பார்க்கப் போய், தினமும் வேண்டாம் என்று சொல்லப்பட்டுத் திரும்பினேன்.

பூவிழிக்கும் சிரமம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அவரைக் குளிப்பாட்டுவாள். சோறு ஊட்டுவாள். கண் அசந்தால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவார், போய்க் கூட்டிக்கொண்டு வருவாள். நடுவில் கடையையும் பார்ப்பாள். அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட அவளால் போக முடியவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். நான் கவனித்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, என்னால இதுக்கு மேல முடியாதுங்க. அப்பாவ ஒரு நல்ல எடத்துல வச்சம்னா வாரத்துல ரெண்டு தரம் போய்ப் பாத்துக்குவேன். இப்ப நான் அவருக்குப் பொண்ணாவும் இல்ல, ஒரு மனுசியாவும் இல்ல.”

சரி என்றேன். இடம் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். தானே வந்தால் அழுதுவிடுவாளாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள், அவருக்கும் பிடிக்க வேண்டுமாம். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பாடமே நடத்தினாள். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்க வேண்டும். பினாயில் வாசனை தூக்கலாக அடித்தால் சந்தேகப்பட வேண்டும். அங்கே இருக்கிறவர்களின் நகத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், ராத்திரியில் யார் கூட இருப்பார்கள், யாராவது அடம் பிடித்தால் என்ன செய்வார்கள், எல்லாம் கேட்க வேண்டும். நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் நின்றது, பினாயில்.

முதலில் பெரம்பலூரில் ஒரு இடம். மாடிக் கட்டடம். டை கட்டின மேனேஜர். பெரிய ஹாலில் வரிசையாக உட்கார வைத்து, கூந்தல் தைல விளம்பரத்தை எல்லோரையும் பார்க்க வைத்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்குத் தலையில் முடியில்லை. மாமா மேனேஜரை மேலும் கீழும் பார்த்து, “பெரியவங்க யாரும் வூட்ல இல்லியா தம்பி?” என்றார். அவன் விழித்தான். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். “எந்திரிங்க மாப்ள. குடும்பம் சரியில்ல.”

அடுத்து அரியலூர். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் போனோம். அங்கேதான் விதி புகுந்தது சார். மூன்று கூட்டுப் பொரியலோடு நிறையச் சாப்பிட்டுவிட்டேன்.

ஊருக்கு வெளியே, சிமெண்ட் லாரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு சின்ன வீடு. ‘அந்திமல்லி இல்லம்’ என்று பெயர். முன்னால் கொய்யா மரம். உள்ளே எட்டுக் கட்டில், ஏழு பேர். பிரவீணா என்று ஒரு நர்ஸ் நடத்துகிறாள். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தன் அம்மாவோடு இதை ஆரம்பித்திருக்கிறாள். பினாயில் வாசனை இல்லை. ரசத்துக்குத் தாளித்த வாசனை இருந்தது. ஹாலில் ஃபேன் ஓடியது. எனக்கு ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டார்கள்.

மணி இரண்டு ஆகியிருக்கும். நான் என்ன செய்ய முடியும் சார்? உட்கார்ந்தேன். கண் சொருகியது.

மாமா அவசரப்படுத்திக் கிளப்பியதில் என் சட்டைப் பொத்தான் ஒன்று மாற்றி ஒன்று மாட்டியிருந்தது. தலைக்குச் சாயம் அடித்து வெகுநாள் ஆகியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்ததாகப் பிரவீணா பிற்பாடு சொன்னாள். மாமாவோ சலவை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் குடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

“வூட்ல மொத்தம் எத்தன பேரும்மா?”

“இப்ப ஏழு பேருங்கய்யா. ஒருத்தருக்கு எடம் இருக்கு.”

“சமையலு யாரு?”

“எங்கம்மாதான். உப்பு, காரம் எல்லாம் ஆளுக்குத் தக்கன.”

“ராத்திரில யாரு கூட இருப்பா?”

“நான் இங்கியேதான் தங்கிக்குவேங்கய்யா.”

“யாராச்சும் கோவப்பட்டாங்கன்னா?”

“அவங்க கோவப்படுவாங்க. நாங்க பட மாட்டோம்.”

பூவிழி என்னைக் கேட்கச் சொன்ன அத்தனையையும் அவர் கேட்டுவிட்டார். சம்பந்தம் பேசுகிறவன் ஒரு குடும்பத்தை எடைபோடக் கேட்கிற கேள்வியும் அதுதானே.

அதில் பிரவீணா அசந்து போனாள். பெரியவரின் தெளிவைப் பார்த்தாள். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: “இவருக்கு எத்தன நாளா இப்படிங்கய்யா?”

மாமா என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “நான் பாத்த நாள்லேர்ந்தே இப்படித்தாம்மா. சாப்புட்டா சாஞ்சிருவாரு. மத்தபடி தொந்தரவில்லாத ஆளு. ரொம்ப எடத்துல தட்டிப்போன மாப்பிள்ள. நீங்கதான் நல்லாப் பாத்துக்கணும்.”

“எங்கப்பா மாதிரி பாத்துக்குவேங்கய்யா” என்றாள்.

அப்போது எனக்கு விழிப்பு வந்திருந்தது சார். இதுதான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம். எல்லாம் காதில் விழுந்தது. ‘அம்மா, நோய் எனக்கில்லை, அவருக்கு’ என்று சொல்ல வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவள் என் கழுத்துக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தாள். இலவம்பஞ்சு. வெயிலில் காயவைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

குற்றம் என்றால் அவ்வளவுதான். பேசாமல் இருந்தேன்.

“ஒரு வாரம் இருந்து பாக்கட்டுங்கய்யா. ஒத்துப் போச்சுன்னா வூட்லேர்ந்து யாராச்சும் வந்து மத்தத எழுதிக் குடுத்தாப் போதும்” என்றாள் பிரவீணா. என் சட்டைப் பையிலிருந்த செல்போனை எடுத்து அணைத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மாமாவிடம் கொடுத்தாள். அவர் மோர் குடித்தார். என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்ற மகளையே அடையாளம் தெரியாதவரை, பெரம்பலூரில் இன்னொரு பஸ் மாற வேண்டிய தூரத்துக்குத் தனியாக அனுப்பினாயா என்று கேட்பீர்கள். அனுப்பவில்லை சார். போனார், நான் தடுக்கவில்லை. எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. சாயங்காலம் சுண்டல் வருகிற வரைக்கும் இருந்தது.

பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ரூட்டில் எல்லாக் கண்டக்டருக்கும் அவரைத் தெரியும், பாதிப் பேருக்குப் பெண் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். போகிற வழியில் பஸ்ஸிலேயே ஒரு டிராக்டர் மெக்கானிக்குக்கும் ஒரு பேன்சி ஸ்டோர்காரர் மகளுக்கும் பேச்சை ஆரம்பித்து வைத்திருக்கிறார். மாசியில் கல்யாணம்.

வீட்டில் பூவிழி கேட்டிருக்கிறாள், “அவரு எங்கேப்பா?” என்று.

“நல்ல எடமா பாத்து வுட்டுட்டு வந்துட்டேம்மா. அரியலூர்ல. சுத்தமான குடும்பம். மாப்பிள்ளைக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.”

தினமும் என்னை எங்காவது ஒரு இடத்துக்குக் கூட்டிப் போய் வருகிறவர் சொன்னால் யார் நம்புவார்கள்? அவர் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவளிடம் சொன்னார், அக்கம்பக்கத்தில் சொன்னார், உங்கள் ஸ்டேஷனிலேயே வந்து சொன்னார். நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். நான் எதிர்பார்த்ததும் அதுதான். உங்கள் மாவட்டத்தில் என் இருப்பிடம் தெரிந்த ஒரே சாட்சி, யாரும் நம்பாத சாட்சி. நான் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. ஆனால் அமைந்தபோது கெடுக்கவும் இல்லை.

செல்போனை அவர் அரிசி டிரம்முக்குள் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் பூவிழி நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு ஓடி வந்து புகார் கொடுத்தாளாம். கல்குவாரிக் குட்டையில் தீயணைப்புக்காரர்களை விட்டுத் தேடினார்கள். பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். பேப்பரில் என் படத்தைப் போட்டாள். இல்லத்துக்குப் பேப்பர் வந்தால் முதலில் என் கைக்குத்தான் வரும். அந்தப் பக்கத்தை உளுந்து வடையில் எண்ணெய் ஒற்ற வைத்துக்கொண்டேன். வீட்டு விலாசம் என்ன என்று பிரவீணா கேட்டபோது, “மறந்து போச்சும்மா” என்றேன். எவ்வளவு நல்ல பதில் அது. அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ‘வீட்டில் என்ன கஷ்டமோ, கைவிட்டுவிட்டார்கள்’ என்று எனக்காக வருத்தப்பட்டாள். எனக்கு இன்னொரு வடை வைத்தாள்.

அந்த ஒரு மாதமும் தினம் தூங்கினேன். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டால் ஏழு பேரும் கைதட்டினார்கள். முப்பது வருஷம் கடை நடத்தியவனுக்கு ஒருவரும் கைதட்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓயாமல் அரியலூர், அரியலூர் என்று சொல்லித் தவித்த மாமாவைப் பூவிழி டாக்டரிடம் காட்டினாள். நோய் முற்றிவிட்டது என்று மாத்திரையைக் கூட்டினார். அவர் மத்தியானமெல்லாம் துவண்டு படுத்துக் கிடந்தாராம். உண்மையைச் சொன்னதற்காக ஒரு மனிதருக்கு மயக்க மாத்திரை கொடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தோன்றியது, பாவம், அவரும் கொஞ்சம் தூங்கட்டும் என்பதுதான்.

ஒருநாள் அந்த மயக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, “மாப்பிள்ளைய வுட்டு ஒரு மாசம் ஆவப் போவுது, மறுவீட்டுக்கு அழைக்க வேணாமா? ஊரு என்னம்மா பேசும்?” என்றாராம். வேறு யாராக இருந்தாலும் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு மாதமாக ஒரே ஊரையே சொல்கிறாரே என்று பூவிழிக்குத் தட்டியதாம். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, “சரிப்பா, கூட்டிட்டுப் போ” என்றாளாம்.

அவர் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் சார். ரெண்டு பஸ்ஸும் சரியாக ஏறி, கொய்யா மரத்தடியில் வந்து நின்று, “இதாம்மா எடம்” என்றிருக்கிறார்.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பிரவீணா எழுப்பினாள். எதிரே பூவிழி. கண்ணெல்லாம் தண்ணீர்.

“இவங்க யாருன்னு தெரியுதாப்பா?” என்று பிரவீணா கேட்டாள்.

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது. ஆனால் அரைத் தூக்கம் சார். எழுந்து போனால் சோபா, காப்பி, ‘மூஞ்சில களையில்ல’.

“யாரும்மா நீங்க?” என்றேன்.

பூவிழி என் முகத்தையே பார்த்தாள். பொய்த் தூக்கத்தையும் நிஜத் தூக்கத்தையும் முப்பது வருஷம் பிரித்துப் பார்த்தவள். அழுகை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பாவம், ரொம்ப முத்திப் போச்சு போலருக்கு” என்றாள். பிறகு பிரவீணாவைத் தனியாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெகுநேரம் பேசினார்கள். ஒரு தட்டு கீழே விழுந்த சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டது. திரும்பி வந்து அறையை அளக்கிறவள் மாதிரி பார்த்தாள். “இவரு பக்கத்துல இன்னொரு கட்டில் போடலாங்களா? எங்கப்பாவுக்கு மத்தியானத்துல பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு வேணும்.”

போட்டுவிட்டார்கள். மாத்திரையையும் டாக்டர் குறைத்துவிட்டார். மாமா இப்போது மத்தியானமெல்லாம் பளிச்சென்று இருக்கிறார்.

“மாப்ள, எந்திரிங்க.”

இங்கே மற்ற ஏழு பேரும் பெண் வீட்டார். பிரவீணாவின் அம்மா கேசரி கிண்டுகிறாள். என்னைக் கொய்யா மரத்தைச் சுற்றி அழைத்து வந்து நடுவில் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டுகிறார்கள். எல்லோருடைய உடம்புக்கும் இது நல்ல பயிற்சியாம். இல்லம் ஆரம்பித்த நாளிலிருந்து இப்போதுதான் இந்த வீடு கலகலப்பாக இருக்கிறதாம்.

நோய் எனக்கில்லை என்று பிரவீணாவிடம் சொன்னேன். “ஆமாப்பா, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க” என்று கன்னத்தைத் தட்டினாள். ஒருநாள் வெளியே நழுவி பஸ் ஏறினேன். “நம்ம தரகர் ஐயாவோட மாப்பிள்ளை, பாவம்” என்று கண்டக்டரே திரும்பக் கொண்டுவந்து விட்டார். பூவிழி வாரத்தில் இரண்டு தரம் வருகிறாள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். அப்பாவின் தலைக்கு எண்ணெய் வைத்து, மடியில் சாய்த்துக்கொண்டு கதை பேசுகிறாள். அவர் இப்போது அவளை ‘ஆயி’ என்று கூப்பிடுகிறார். அது அவளுடைய சின்ன வயதுச் செல்லப் பெயராம். என் பக்கம் திரும்பிக் கைகூப்பி, “வணக்கங்க, நான் பக்கத்துக் கட்டில் ஐயாவோட பொண்ணு” என்கிறாள். ‘பூவிழி, நான்தான்’ என்று கெஞ்சினால், “இன்னைக்கிப் பேரெல்லாம் ஞாபகம் வந்திருக்கே, தேவலையே” என்கிறாள். கடையை மத்தியானத்திலும் திறந்து வைத்திருக்கிறாளாம், கூட்டம் தாங்கவில்லையாம். போன வாரம் தெருப் பெண்களோடு பஸ் பிடித்து ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் வந்தாளாம். உடம்பு தேறியிருக்கிறது. வளையல் மணிக்கட்டிலேயே நிற்கிறது.

ஆகவே சார், முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மறதி கிடையாது. ஒரு நாள்கூட இருந்ததில்லை. மாமனாருக்காகப் பார்த்த கட்டிலைத் திருடினேன். அவரைத் தனியாகப் போக விட்டேன். என் மனைவி குட்டையில் என் பிணத்தைத் தேடியபோது இங்கே வடை தின்றேன். நேரே வந்து நின்றவளைத் தெரியாது என்றேன். எல்லாம் சுயநினைவோடு செய்தது. விலங்கு இருந்தால் மாட்டுங்கள். ஜெயிலில் மத்தியானம் தொந்தரவு இருக்காது என்று கேள்விப்பட்டேன்.

எழுந்துவிட்டீர்களே. என்ன சார், “சாப்ட்டீங்களாப்பா”வா? நீங்களுமா? வாசலில் பூவிழி நிற்கிறாள், அவளைப் பார்த்து ஏன் உதட்டைக் கடிக்கிறீர்கள்? சரி, புகாரை வாபஸ் வாங்கிவிட்டாளென்றால் போய் வாருங்கள். எனக்குக் கவலையில்லை. அவள் சும்மா விளையாடுகிறாள். நான் இல்லாமல் அவளால் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.